கடையில் ஓடியது, பண்டமாரானில் நின்றது

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, நீங்கள் கேட்டீர்கள் என்பதால் எழுத உட்கார்ந்தேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். ஆள் கோணல் இல்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளுக்கு ஈயம் பற்ற வைத்தேன். தொழிற்சாலை சீனாவுக்குப் போனது, நான் பிரிக்பீல்ட்ஸில் நம் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தேன். நீங்கள் இன்று உட்காரும் அந்த மூலை மேசை, நான் ஓய்வு பெறும்வரை என்னுடையது. இங்கிலீஷ் கையேடு எனக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்ப்பேன். படமும் புரியாவிட்டால் கம்ப்யூட்டரையே பார்ப்பேன். அப்படி அடுக்கிய கம்ப்யூட்டர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பவர் சப்ளையை எப்படிச் சோதிப்பது, எந்த வயர் எங்கே போகும் என்பதையெல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு நாள் கம்போங் மேடானிலிருந்து ஒரு லோரி டிரைவர் வந்தார். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்து வந்து என் மேசையில் வைத்தார். பின்னால் மனைவி, அவருக்கும் பின்னால் மாமியார். தான் கடைக்காரர்களைத் திட்டுவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்றே டிரைவர் இருவரையும் கூட்டி வந்திருக்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"செத்த மாட்ட வித்துட்டீங்க என்கிட்ட! ஒரு லைட்டுகூட எரியல!"

கம்ப்யூட்டரின் பின்பக்கம் பவர் சப்ளையில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், உங்களுக்குத் தெரியும். அது அணைந்து கிடந்தது. அவ்வளவுதான் கோளாறு. மாமியார் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். நான் என்ன செய்வது?

"அண்ணே, இந்த டார்ச்சைக் கொஞ்சம் முன்பக்கமா பிடிங்க" என்று அவரை முன்னால் அனுப்பிவிட்டு, பின்னால் கையைவிட்டுச் சுவிட்சைத் தட்டினேன். பிறகு இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி பூட்டினேன். "உள்ள ஒரு வயர் லூசா இருந்துச்சுண்ணே."

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்று மாமியார் பக்கம் திரும்பினார். தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் சொந்தக்காரர்கள் எல்லாரும் நம் கடையில்தான் வாங்கினார்கள்.

கோளாறைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை யார் முன்னால், எந்த வார்த்தையில் சொல்வது என்பது மீதிப் பாதி. இதையே ஒரு சட்டமாக வைத்துக்கொண்டு நானும் கொஞ்ச காலம் வண்டியை ஓட்டினேன். பண்டமாரானிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது அந்தச் சட்டம் உதவவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் சுமதியுடையது. சுமதிக்கு நாற்பது வயது இருக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து வந்தாள். அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அப்பா இல்லாத வீடு, அவள் சம்பளத்தில்தான் ஓடியது. பல மாதம் அலைந்த பிறகு ஒரு வேலை கிடைத்தது. ஒரு கப்பல் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலை. கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை கம்பெனிக்காரர்கள் அங்கிருந்தபடியே இன்டர்நெட் வழியாகச் சோதித்துப் பார்ப்பார்கள், அப்போது அது நிற்காமல் ஓட வேண்டும். நின்றால், வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு ஆளா இல்லை?

சுமதியின் தம்பி ரகு துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அக்காவுக்காக நம் கடையில் சாமான்களை வாங்கிப்போய், வீடியோ பார்த்து அவனே அடுக்கினான். சோதனைக்கு முந்திய வாரம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஆன்டி, ஆன் பண்ணா எந்திரிக்குது. மூச்சு விடறதுக்குள்ள படுத்துக்குது."

"நீ அடுக்கினது அப்படி."

"ஐயோ ஆன்டி, வீட்டுல அக்கா இதையேதான் சொல்லுது. நீங்களுமா?"

நம் கடையில் அப்போது எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் ஆ ஹோங்கின் கைக்குத்தான் போகும். அவனை நீங்கள் பார்த்ததில்லை. அழுக்கு என்றால் அவனுக்கு ஆகாது. வாடிக்கையாளர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அவரையும் துடைத்துவிடுவான். கேசிங்கின் முகத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, தூசியை ஊதி, பளபளவென்று என் மேசைக்கு அனுப்புவான். ரகு கொண்டுவந்ததும் அப்படித்தான் வந்தது. நான் பொத்தானை அமுக்கினேன். எழுந்தது. மதியம் முழுக்க ஓடியது. இருமவில்லை, சூடாகவில்லை. ரகு அடுக்கியதிலும் குறை இல்லை. வயரையெல்லாம் அழகாகக் கட்டியிருந்தான்.

"எடுத்துட்டுப் போ. ஒண்ணுமில்ல" என்றேன்.

மறுநாள் திரும்பி வந்தான். அதே கதை. ஆ ஹோங் துடைத்தான். நான் எதற்கும் இருக்கட்டும் என்று பவர் சப்ளையை மாற்றினேன். ஓடியது. கொண்டுபோனான். வீட்டில் படுத்துவிட்டது.

இப்போது சந்தேகம் வீட்டு மின்சாரத்தின் மேல் விழுந்தது. ரகு ஒரு வயர்மேனைக் கூப்பிட்டான். அவர் எல்லாப் பிளக்கையும் சோதித்து, காப்பி குடித்து, "கரண்டு தங்கம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் சுமதி எனக்கு ஃபோன் செய்தாள்.

"ஆன்டி, இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற கதியில்ல ஆன்டி. தம்பிய தினமும் திட்டுறேன், பாவம் அவன். எனக்கே என் வாய் பிடிக்கல."

"அதை மறுபடி கொண்டாரச் சொல்லும்மா. ஞாயித்துக்கிழமை நானே கூட வரேன்" என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடையில் என் முன்னால் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு வீட்டில் போய் மயக்கம் போடுகிற கம்ப்யூட்டரை நான் அதுவரை பார்த்ததில்லை.

சனிக்கிழமை பெட்டி வந்தது, ஆ ஹோங் துடைத்தான், என் மேசையில் ஓடியது. ஞாயிறு காலை ரகு கூட்டாளியின் காரைக் கடன் வாங்கி வந்தான். கம்ப்யூட்டரைப் பின் இருக்கையில் வைத்து அதற்குப் பெல்ட் போட்டான். என்னைப் பெல்ட் போடச் சொல்லவில்லை.

பண்டமாரான் வீட்டில் சுமதியின் அம்மா பாக்கியம் வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மெல்லிய குரல். உள்ளே இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். ரவாங்கிலிருந்து ரயில் ஏறி வந்த அத்தை, அதாவது சுமதியின் அப்பாவுடைய தங்கை. இரண்டு கை நிறைய வளையல். அவர் பேசுவதற்கு முன்னால் வளையல் பேசும்.

சாமி படங்களுக்குக் கீழே ஒரு மேசை போட்டு வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை அதில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். எழுந்தது, ஓடியது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம், அதுவும் ஓடிக்கொண்டே இருந்தது. கோழிக் குழம்பு நன்றாக இருந்தது. என் மனமும் கொஞ்சம் அடங்கியது.

அத்தைக்குத்தான் அடங்கவில்லை. "மெசினு நல்ல மெசினுதாம்மா. எல்லாம் அண்ணி கை வச்ச நேரம்."

"அத்தை, பேசாம சாப்பிடுங்க" என்றாள் சுமதி.

"நான் என்ன இல்லாததையா சொல்றேன்? அண்ணன் போனதுக்கப்பறம் நல்ல காரியத்துக்கு முன்னால போய் நிக்கலாமா? ஒவ்வொரு தடவையும் அண்ணிதான் பூசை போட்டு ஆரம்பிச்சு வச்சது. மூணு தடவையும் படுத்துருச்சு. சொன்னா மட்டும் கோவம் வருது."

பாக்கியம் அக்கா என் இலையில் சோறு போட வந்த கரண்டியை அப்படியே சட்டியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அத்தை சொல்வதை அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

"ரவாங்கம்மா, என் புருஷனும்தான் போய்ச் சேர்ந்தாரு. என் கை பட்டுத்தான் காலையிலேருந்து இது ஓடுது. உங்க கைல குழம்பு இருக்கு, கழுவிட்டு வாங்க, அப்பறம் கையப் பத்திப் பேசலாம்" என்றேன்.

ரகு தண்ணீர் குடிப்பதுபோல் கிளாஸை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

ஓடிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டிருக்கலாம். சுமதிக்கு மனம் வரவில்லை. "நாளைக்குக் காலையில நான்தானே ஆன் பண்ணணும் ஆன்டி. இன்னிக்கு ஒரு தடவை நீங்க இருக்கும்போதே அணைச்சு, நானே போட்டுப் பாத்துடறேன்." அவள் சொன்னது நியாயம். நான் அணைத்தேன். உடனே அத்தை, ராகு காலம் முடியட்டும், முறையாகப் பூசை போட்டு ஆரம்பிக்கலாம் என்றார். அதுவும் அவர்கள் வீட்டு நியாயம். காத்திருந்தோம்.

ராகு காலம் முடிந்ததும் பாக்கியம் அக்கா சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். அத்தை அதை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்று மரியாதைக்கு எழுதுகிறேன், பிடுங்கினார். "இந்தத் தடவை நான் வைக்கிறேன்."

இதில் எதுவுமே எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை, பாருங்கள். நான் என் வீட்டு ஐஸ் பெட்டிக்குப் பொட்டு வைத்திருக்கிறேன், சோறு ஆக்கும் குக்கருக்கு வைத்திருக்கிறேன். ஆயுத பூசை அன்று நம் கடையில் ஸ்க்ரூ டிரைவருக்குக்கூடப் பொட்டு உண்டு. புதுச் சாமான் என்றால் சந்தனம் குங்குமம். பழகிய கண்ணுக்கு அது சாமானின் ஒரு பாகம் போலத்தான். எண்ணிப் பார்க்கத் தோன்றாது.

அத்தை கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்தார். உயரமான கறுப்புப் பெட்டி. முகத்தில் மேலே, நட்ட நடுவில், வட்டமாக ஒரு பொத்தான். "இதான் நெத்தி" என்று முடிவு செய்தார். சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பினார். அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டினார். "ம், அமுக்குடி."

சுமதி கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் அந்தப் பொட்டின் நடுவில் அமுக்கினாள். லைட் எரிந்தது. காற்றாடி சுற்றியது. எல்லாரும் கும்பிட்டோம். நானும் கும்பிட்டேன்.

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் படுத்துவிட்டது.

வளையல்கூடப் பேசவில்லை. ரகுதான் முதலில் வாயைத் திறந்தான். "அத்தை, உங்க கை நல்ல கைதானே லா?"

"டேய்!" என்றார் பாக்கியம் அக்கா. ஆனால் அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன். சுமதி அதைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "நாளைக்குக் காலையில ஆன்டி" என்று மட்டும் சொன்னாள்.

மூடிய அந்தக் கையின் கட்டை விரலில் சந்தனம் இருந்தது. நான் விரலைப் பார்த்தேன், பிறகு பொத்தானைப் பார்த்தேன். பொத்தானைச் சுற்றியிருந்த இடுக்கு முழுக்கச் சந்தனம். பொத்தான் உள்ளே போனது போனதுதான், வெளியே வரவே இல்லை. நகத்தால் ஓரத்தை நெம்பினேன். 'டிக்' என்று எழும்பியது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டு எடுத்தால் கம்ப்யூட்டர் எழும். அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். சுமதி விரலை எடுத்துவிட்டாள். சந்தனம் எடுக்கவில்லை.

ஆ ஹோங் ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததால் கடையில் ஓடியது. வீட்டுக்கு வந்தால், பல பேர் கண் பட்ட சாமான் என்று மறுபடி பொட்டு. படுத்துவிட்டது என்பதால் அடுத்த தடவை பொட்டு இன்னும் பெரியது. பொட்டு பெரியது என்பதால் இன்னும் இறுக்கிப் பிடித்தது. இந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து, சுமதிக்கு இந்த வேலை கிடைக்க வேண்டுமே என்ற பாசத்தில், கம்ப்யூட்டரை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கோளாறு தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது?

லோரி டிரைவருக்குச் செய்ததுபோல் யாருக்கும் தெரியாமல் சுரண்டிவிட்டு, "வயர் லூசு" என்று சொல்லலாம். ஆனால் நாளைக் காலை, கம்பெனிக்காரன் பார்க்கும் நேரத்துக்குச் சரியாக, இன்னும் பெரிய பொட்டாக வைப்பார்கள். பொய் உதவாது. நேரடியாகச் சந்தனம்தான் காரணம் என்றால், அத்தை ஒரே திருப்பாகத் திருப்பிவிடுவார். முதலில் சந்தனம் வைத்தது யார்? அண்ணி. யார் கை? அந்த அம்மா அதைச் சாகும்வரை சுமப்பார். உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் அது பாக்கியம் அக்காவின் தலையில் விழாமல் சொல்ல வேண்டும்.

"எனக்கு ஒரு டீ வேணும்" என்றேன். யோசிக்க நேரம் வேண்டியபோதெல்லாம் நான் டீ கேட்பேன். நீங்களும் கேளுங்கள். டீ போடுகிற நேரத்தில் யாரும் உங்களிடம் பதில் கேட்க மாட்டார்கள்.

டீயைக் குடித்து முடித்துவிட்டு அத்தையிடம்தான் ஆரம்பித்தேன். "ரவாங்கம்மா, சந்தனம் யார் கரைச்சது?"

"நான்தான்."

"நல்லா கெட்டியா கரைச்சிருக்கீங்க. சிமிண்டு மாதிரி பிடிக்குது."

"பின்ன? தண்ணியா கரைக்க நான் என்ன சோம்பேறியா?"

"அதான் விசயம். இந்தப் பொத்தான் உள்ள போனா வெளிய வரணும். வரலன்னா கம்ப்யூட்டர் படுத்துக்கும். சந்தனம் அதை வரவிடாம பிடிச்சிருச்சு. அக்கா வச்சப்பவும் இதே கதிதான், சுமங்கலி நீங்க வச்சப்பவும் இதே கதிதான். ஐயரே வந்து வச்சாலும் படுத்துக்கும். கைல ஒண்ணுமில்ல. இடம்தான் தப்பு."

அத்தை விடவில்லை. "அப்ப சாமி காரியம் தப்புங்கிறீங்களா?"

இதற்குத்தான் டீ தேவைப்பட்டது. "சாமி படத்துக்குப் பொட்டு எங்க வைக்கிறோம்? நெத்தியில. கண்ணுலயா அப்புறோம்? நீங்க நெத்தின்னு நெனச்சது இதோட கண்ணு. நெத்தி இங்க இருக்கு பாருங்க" என்று பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வெறும் தகட்டைத் தட்டிக் காட்டினேன். "இங்க எவ்வளவு வேணாலும் வைங்க."

அத்தை அந்தத் தகட்டை உற்றுப் பார்த்தார். "இவ்வளவு பெரிய நெத்தியா?" என்றார். ஆனால் ஏற்றுக்கொண்டார்.

பிளக்கைப் பிடுங்கினேன். கை கழுவும் ஸ்பிரிட் அவர்கள் வீட்டிலேயே ஒரு புட்டி இருந்தது. துணியில் நனைத்து, ஊசி முனையால் இடுக்கில் இருந்ததையெல்லாம் எடுத்தேன். பொத்தான் குழந்தை மாதிரி துள்ளியது. பிளக்கை மாட்டினேன். சுமதி விரலை நீட்டினாள். நான் தடுத்தேன்.

"பாக்கியம் அக்கா, நீங்க வாங்க. நீங்க அமுக்குங்க."

அவர் கதவு வரைக்கும் பின்னால் போய்விட்டார். "நானா? வேணாம்மா. நாளைக்கு அவ வேலைம்மா. நான் தள்ளியே இருக்கேன்."

"இப்பதான சொன்னேன், கைல ஒண்ணுமில்லன்னு."

"நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா?"

சுமதிதான் எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். "நீ அமுக்கலன்னா நாளைக்கு நான் இதுக்கு முன்னால உட்காரவே மாட்டேன்மா. வேலை வேணாம்னு எழுதிப் போட்டுருவேன். சத்தியமா."

பாக்கியம் அக்கா வந்தார். முந்தானையில் விரலைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். கதவு மணியை அமுக்குவதுபோல் பொத்தானில் விரலை வைத்து அழுத்தினார். எழுந்தது. ஆனால் பயத்தில் விரலை எடுக்கவே இல்லை.

"கைய எடுங்கக்கா!"

"அம்மா, எடும்மா, எடு!"

"அண்ணி! கைய எடுங்க அண்ணி!" இது அத்தை. வளையல் எல்லாம் சேர்ந்து கத்தியது.

சட்டென்று எடுத்தார், சுட்டுவிட்டதுபோல். எல்லாரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். லைட் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. சுமதியின் பெயர் திரையில் வந்தது. பாக்கியம் அக்கா தன் விரலைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். அடுப்படிக்குப் போய் எனக்கு இன்னொரு டீ கொண்டுவந்தார். அதில் சர்க்கரை போட மறந்துவிட்டார். நான் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் வேலை ஓடவில்லை. ஆ ஹோங் என்னையே ஒரு முறை துடைத்துவிட்டுப் போனான் என்று நினைக்கிறேன். ஃபோன் வந்தது. "ஆன்டி, நிக்காம ஓடுச்சு. எடுத்துக்கிட்டாங்க" என்றாள் சுமதி. பின்னால் அம்மா யாரிடமோ சத்தமாகப் பேசுவது கேட்டது. அந்த அம்மாவுக்கு அவ்வளவு குரல் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

இதிலிருந்து நீங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், பெட்டி எந்த வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் அதை எப்படி ஆரம்பிக்கிறார்கள் என்று முதலிலிருந்து பாருங்கள். பொய் ஒரு தடவை வேலை செய்தது என்பதற்காக அடுத்த வீட்டுக்கும் அதையே கொண்டுபோகாதீர்கள். உண்மையைச் சொல்லும்போது, அது யார் தலையில் விழும் என்று பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.

சுமதி இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறாள். காலையில் கம்ப்யூட்டரை அவள் தொடக் கூடாது. அம்மாதான் அமுக்குவார். வேறு யார் அமுக்கினாலும் அந்த வீட்டில் சண்டை. ஒரு நாள் கம்பெனியின் மேலதிகாரி கேட்டாராம், நீ மட்டும் ஏன் தினமும் கொஞ்சம் தாமதமாக உள்ளே வருகிறாய் என்று. "என் கம்ப்யூட்டர் ஆரம்பிக்க நேரமாகுது சார்" என்றாளாம் சுமதி.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அம்மா குளித்துவிட்டு வர வேண்டும்.